பிசினில் பிறக்கும் விமானம்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

விமானம் என்றதும் நம் கண்முன் வருவது என்ன? பெரியதொரு தொழிற்சாலை, வெள்ளிபோல் மின்னும் அலுமினியத் தகடுகள், சீருடை அணிந்த பொறியாளர்கள், கோடிக்கணக்கான பணம். இவை எதுவுமின்றி, தம் வீட்டின் கார் கொட்டகையிலேயே ஒருவர் விமானம் கட்டுகிறார், கட்டியபின் தாமே அதில் ஏறிப் பறக்கவும் செய்கிறார் என்றால் நம்புவீர்களா, தோழியரே? ஆனால் அது உண்மை. அதைவிட வியப்பு என்னவென்றால், அவ்வாறு கட்டப்படும் விமானங்கள் பலவற்றில் சிறகும் உடலும் தகட்டால் ஆனவை அல்ல. துணியாலும் பிசினாலும் ஆனவை!

அமெரிக்க நாட்டில் இது நெடுநாள் வழக்கம். 1953-ஆம் ஆண்டில் இத்தகைய ஆர்வலர்கள் சேர்ந்து 'எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்' என்னும் சங்கத்தைத் தொடங்கினார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் ஆஷ்கோஷ் என்னும் ஊரில் அச்சங்கம் நடத்தும் பெருவிழாவுக்குத் தாமே கட்டிய விமானங்களில் பறந்தே வருவோர் பலர். அந்நாட்டுச் சட்டமும் இதற்கு இடம் தருகிறது. ஆனால் கட்டுமான வேலையில் பாதிக்கு மேற்பட்டதைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஆர்வலர்கள் தாமே செய்திருக்க வேண்டும். அரசு ஆய்வாளர் பார்த்துச் சான்றிதழ் தந்த பிறகும், பொதுவாக முதல் 25 அல்லது 40 மணி நேரம் மக்கள் நெருங்கி வாழும் இடங்களை விட்டு விலகியே பறந்து பார்க்க வேண்டும். விமானத்தின் வாயிலருகே 'பரிசோதனை' என்னும் சொல்லை ஆங்கிலத்தில் எழுதி வைக்கவும் வேண்டும்.

முற்காலத்தில் இவ்விமானங்களை மரம், துணி, இரும்புக் குழாய், அலுமினியம் ஆகியவற்றால்தான் கட்டினார்கள். 1975-ஆம் ஆண்டில் பர்ட் ரூட்டன் என்னும் பொறியாளர் கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் 'வேரி-ஈஸி' என்னும் சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். அவருடைய முறை எளியது. நுரைப்பலகையைச் சூடான கம்பியால் சிறகின் வடிவத்தில் அறுப்பது. அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை விரிப்பது. துணியில் பிசினை ஊறவைப்பது. பிசின் இறுகியதும் அதுவே சிறகாகி விடும். அச்சு வேண்டாம், பெரிய இயந்திரங்கள் வேண்டாம். கத்தரிக்கோல், தூரிகை, ரப்பர் வழிப்பான், பொறுமை ஆகிய நான்கும் போதும். நான்காவதுதான் கடைகளில் கிடைக்காதது!

இதை ஏன் நான் எழுத வந்தேன் என்று கேட்பீர்கள். எங்கள் வீடு தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டி இருக்கிறது. என் தாய்மாமா பைபர் வள்ளம் கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் நம் கடற்கரையில் பைபர் வள்ளங்கள் பெருகின என்பதை நீங்களும் அறிவீர்கள். மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் வேலையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதே கண்ணாடி இழை, அதே வகைப் பிசின், அதே தூரிகை! ஒருவர் அதைக் கொண்டு கடலில் மிதக்கிறார். மற்றொருவர் அதைக் கொண்டு வானில் மிதக்கிறார். இவ்வொற்றுமையை அறிந்த நாள் முதல், இவ்விமானங்களைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படிக்கலானேன்.

இவ்வேலைக்கு உதவும் பிசின்கள் முக்கியமாக மூன்று. பாலியெஸ்டர், வினைல் எஸ்டர், எபாக்சி என்பன அவை. வள்ளம் கட்ட மாமா எடுப்பது பாலியெஸ்டர். விலை குறைவு. ரூட்டன் தம் விமானங்களுக்குத் தேர்ந்தது எபாக்சி. விலை மிகுதி. இரண்டுக்கும் நடுவில் நிற்பது வினைல் எஸ்டர். வாஷிங்டன் மாநிலத்தின் ஆர்லிங்டனில் இருந்து வந்த 'கிளாசேர்' என்னும் விமானம் வினைல் எஸ்டரால் ஆனது. 1979-ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த அவ்விமானத்தின் பாகங்கள் அச்சில் வார்க்கப்பட்டு வரும். வாங்கியவர் அவற்றை வீட்டில் பொருத்தி, உள்ளே துணியும் பிசினும் வைத்து இணைத்து முடிக்க வேண்டும்.

அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்டர் உண்டாகும் என்று வேதியியல் பாடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? காரம் எஸ்டரைப் பிளப்பதால்தான் சோப்பு உண்டாகிறது என்பதும் நமக்குத் தெரியும். நீண்ட நாளில் தண்ணீரும் எஸ்டர்களை மெல்லப் பிளக்கக்கூடியது. பாலியெஸ்டர் பிசினில் இந்த எஸ்டர் கண்ணிகள் சங்கிலி நெடுகிலும் உள்ளன. வினைல் எஸ்டரிலோ, நடுப்பகுதி எபாக்சியால் ஆனது. மெத்தாகிரிலிக் அமிலம் சேர்ந்து உண்டான எஸ்டர் கண்ணிகள் இரண்டு முனைகளில் மட்டுமே உள்ளன. ஆகவே தண்ணீரும் பெட்ரோலும் அதை எளிதில் கெடுப்பதில்லை. இழுத்தாலும் சட்டென்று வெடிப்பதில்லை. சாதாரணப் பாலியெஸ்டர் ஏறத்தாழ 2 சதவீதம் நீண்டால் முறியும். நல்ல வினைல் எஸ்டர் 5 அல்லது 6 சதவீதம் வரை தாங்கும். காற்றில் அதிர்ந்து வளையும் சிறகுக்கு இக்குணம் எவ்வளவு தேவை என்று எண்ணிப் பாருங்கள்.

எபாக்சியும் வினைல் எஸ்டரும் இறுகும் விதம் வேறு வேறு. எபாக்சியில் பிசினும் இறுக்கியும் ஜோடி ஜோடியாகக் கைகோத்துக் கொள்கின்றன. ஒன்று கூடினால் மிஞ்சியதற்குத் துணை கிடைக்காது. ஆகையால் அளவு சிறிதும் பிசகக்கூடாது. ரூட்டனின் முறையைப் பின்பற்றியோர் இதற்கென்றே ஒரு தராசைத் தாமே செய்துகொண்டார்கள். விரைவில் இறுக வேண்டும் என்று இறுக்கியை அள்ளி ஊற்றினால் பிசின் வலுவிழக்கும்.

வினைல் எஸ்டர் அப்படியன்று. அது பாலுக்கு உறை ஊற்றுவது போன்றது. ஒரு பானைப் பாலுக்கு ஒரு கரண்டி மோர் போதும் அல்லவா? அதுபோல எம்.ஈ.கே.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பெராக்சைடு 100 பங்குப் பிசினுக்கு 1 முதல் 2 பங்கு சேர்த்தால் போதும். வெயில் நாளில் குறைவாகவும் குளிர் நாளில் சற்று அதிகமாகவும் சேர்த்து, இறுகும் நேரத்தை நம் வசதிக்கு வைத்துக்கொள்ளலாம். நம் அம்மாமார்கள் சித்திரை வெயிலில் உறைமோரைக் குறைப்பது இதே கணக்குத்தான். ஆனால் தயாரிப்பாளர் குறித்த எல்லையைத் தாண்டக்கூடாது. மிகக் குறைந்தால் பிசின் என்றும் முழுமையாக இறுகாது. மிகுந்தால் கொதித்து வெடிக்கும்.

கொதிக்குமா என்கிறீர்களா? ஆம். இறுகும்போது பிசின் வெப்பத்தை வெளிவிடும். துணியில் மெல்லப் பரப்பிய பிசின் அவ்வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். கோப்பை நிறையக் கலந்து மறந்து வைத்தாலோ வெப்பம் வெளியேற வழியில்லாமல், கோப்பை உருகிப் புகையும் கிளம்பும். எனவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே முறை.

வினைல் எஸ்டரை நீர்க்கச் செய்ய அதில் ஸ்டைரீன் என்னும் திரவம் கலந்திருக்கும். பட்டறையில் நுழைந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். ஸ்டைரீனால் ஒரு நன்மை உண்டு. பிசின் விளக்கெண்ணெயைவிட நீர்த்து, துணிக்குள் விரைவாக இறங்கும். ஒரு தீமையும் உண்டு. பள்ளிக் கண்காட்சிக்கு வாங்கி மிஞ்சிய தெர்மாகோல் துண்டு ஒன்றை மாமாவிடம் கொடுத்தேன். அவர் அதைச் சிறிது பிசினில் போட்டார். வெல்லக்கட்டி வெந்நீரில் கரைவதுபோல் அது சுருங்கிக் கரைந்தது! தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன் நுரை. ரூட்டன் சிறகுக்கு எடுத்த நுரைப்பலகையும் பாலிஸ்டைரீன்தான். அதன்மேல் வினைல் எஸ்டரைப் பூசினால் சிறகு கண்முன்னே காணாமற் போகும். ஆகவே வினைல் எஸ்டரைக் கொண்டு வேலை செய்பவர்கள் பி.வி.சி. நுரை, பாலியூரித்தேன் நுரை முதலியவற்றை எடுக்கிறார்கள். இவற்றுள் பாலியூரித்தேனைச் சூடான கம்பியால் அறுக்கக்கூடாது, நச்சுப்புகை வரும். கத்தியாலும் உப்புத்தாளாலும்தான் வடிவாக்க வேண்டும். ஒரு பொருளை மாற்றினால் அதனோடு சேர்ந்த எல்லாமே மாறிவிடுகின்றன என்பதை இதிலிருந்து கற்றுக்கொண்டேன்.

இனி மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. வினைல் எஸ்டர் இறுகுவதற்கு எம்.ஈ.கே.பி. மட்டும் போதாது. கோபால்ட் கரைசலும், சிலவற்றில் டி.எம்.ஏ. என்னும் முடுக்கியும் வேண்டும். அவற்றை முதலில் பிசினில் நன்றாகக் கலக்கிய பின்னர், கடைசியாகத்தான் எம்.ஈ.கே.பி.யைச் சேர்க்க வேண்டும். எம்.ஈ.கே.பி.யும் கோபால்ட்டும் நேருக்கு நேர் கலந்தால் தீயோ வெடிப்போ நேரும். எம்.ஈ.கே.பி. கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். ஒரு நொடியும் தாமதியாமல் குறைந்தது 15 நிமிடம் தண்ணீரால் கழுவியபடியே இருந்து, மருத்துவரிடம் ஓட வேண்டும். எங்கள் மாமா இரண்டு புட்டிகளையும் பட்டறையின் இரண்டு மூலைகளில் வைத்திருக்கிறார். "பக்கத்துல பக்கத்துல வச்சா, கை அவசரத்துல தப்புப் பண்ணும், கண்ணும் பார்க்காது" என்பார்.

கண்ணாடித் துணி பார்வைக்குப் பால்போல் வெள்ளை. பிசின் இழைக்குள் ஊறியதும் அவ்வெள்ளை மறைந்து, அடியில் இருப்பது தெரியும். எங்காவது வெள்ளைத் திட்டு நின்றால் அங்கே பிசின் இறங்கவில்லை, காற்று அடைபட்டிருக்கிறது என்று பொருள். சரி, நிறையப் பிசின் ஊற்றினால் நல்லதுதானே என்று தோன்றும். அதுவும் தவறு. சுமையைத் தாங்குவது இழை. அதைச் சேர்த்துப் பிடிப்பதே பிசினின் வேலை. மிஞ்சிய பிசின் வலு கூட்டாமல் எடையை மட்டும் கூட்டும். விமானத்துக்கு எடையே பகை. ஆதலால் கட்டுபவர் வழிப்பானைப் பிடித்து, வெள்ளைத் திட்டும் இல்லாமல், குளமும் தேங்காமல் பொறுமையாக வழித்தெடுக்கிறார். இழைகள் ஓடும் திசையையும் அவர் பார்க்க வேண்டும். சிறகு வளையாமல் இருக்க அதன் நீளத்துக்கு ஓடும் இழைகளும், முறுக்காமல் இருக்கக் குறுக்குச் சாய்வாக ஓடும் இழைகளும் தேவை.

இங்கேதான் இவ்வேலையின் உண்மையான கடுமை இருக்கிறது. அலுமினியத் தகட்டை வாங்கும்போது அதன் வலுவையும் சேர்த்தே வாங்குகிறோம். அதைத் தொழிற்சாலை முன்னமே சோதித்துத் தந்துவிட்டது. ஆனால் பிசின் வேலையில், பொருளே நம் கையில்தான் பிறக்கிறது. அன்றைய வெயில், அன்றைய அளவு, அன்றைய கவனம் ஆகிய எல்லாம் அதற்குள் சென்று உறைந்துவிடும். மேலே ஒரு பூச்சுப் பூசிவிட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்பதை எந்த ஆய்வாளரும் கண்ணால் காண முடியாது. செய்தவருக்கு மட்டுமே தெரியும்.

இது வெறும் பேச்சன்று என்பதை எங்கள் குடும்பம் அனுபவித்து அறிந்தது. என் அண்ணன் மீன்பிடிக்கச் செல்லும் வள்ளம் வேறொரு பட்டறையில் கட்டப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், கச்சான் காற்று பலமாக வீசிய ஒரு நாளில், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் எஞ்சின் மாட்டியிருந்த பின்பலகை பிளந்துகொண்டது. எஞ்சினைக் கழற்றி உள்ளே இழுத்துப் போட்டு, வேறு வள்ளத்தார் கயிறு கட்டி இழுத்து வந்து சேர்த்தார்கள். கரையில் நின்ற அம்மா அண்ணனைக் கண்டதும் ஒரு சொல்லும் பேசவில்லை. அவன் கையைப் பிடித்தபடி வீடு வரை நடந்தார்கள். மறுநாள் மாமா அப்பலகையை அறுத்துப் பார்த்தார். வெளிப்பூச்சு முகம் தெரியுமளவுக்கு மினுமினுத்தது. உள்ளேயிருந்த கண்ணாடி இழையோ காய்ந்த வைக்கோல்போல் வெள்ளையாகப் பிய்ந்து வந்தது. "பார்த்தியா ஏட்டி, மேல மட்டும் பகட்டு. உள்ள ரெசினே குடிக்கல" என்றார் மாமா. நான்கு பேர் உயிர் அந்தக் குடிக்காத இழையில் தொங்கியிருக்கிறது!

வள்ளத்துக்கு நேர்ந்தால் மற்றொரு வள்ளம் வரும். வானத்தில் யார் கயிறு கட்டி இழுப்பார்? ஆகவேதான் விமானம் கட்டுவோர் தமக்குத் தாமே ஆய்வாளராக நிற்கிறார்கள். ஒவ்வொரு முறை கலந்த பிசினிலும் சிறிது எடுத்துத் தேதி எழுதி வைத்து, மறுநாள் அது கல்போல் இறுகியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இறுகாவிட்டால் முந்திய நாள் வேலையை இரக்கமின்றிக் கழித்துவிட வேண்டியதுதான். இறுகிய பரப்பின்மேல் புதிதாக ஒட்டும் முன் அதன் பளபளப்புப் போகும்வரை உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். வழவழப்பான பரப்பைப் புதுப்பிசின் பற்றிப் பிடிக்காது. பின்னர் ஒரு நாணயத்தால் சிறகெங்கும் தட்டிக் கேட்கிறார்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். காற்று அடைபட்ட இடம் 'டொக்' என்று மந்தமாக ஒலிக்கும். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் நம் பாட்டிமார்களுக்கு இவ்வித்தை புதிதன்று!

இவ்வாறு படித்தபோது என் மனத்தில் தைத்த செய்தி ஒன்று உண்டு. ஸ்டைரீன் ஆவி தலைவலியும் மயக்கமும் தரும். நாள்பட்டால் உடலுக்குக் கேடு. ஆகவே பொழுதுபோக்காக விமானம் கட்டும் ஒருவர் வார இறுதியில் இரண்டு மணி நேரம் வேலை செய்வதற்கே, கரித்தூள் வடிகட்டி பொருத்திய முகமூடியும் கையுறையும் கண்ணாடியும் அணிகிறார். தூசிக்குக் கட்டும் துணி ஆவியைத் தடுக்காது. ஆனால் பிழைப்புக்காக நாள் முழுவதும் அதே நெடியில் நிற்கும் என் மாமா, முகத்தில் ஒரு துண்டைத்தான் கட்டியிருந்தார். வேலை முடிந்ததும் அசிட்டோனை ஊற்றிக் கைகழுவுவார். பட்டறையில் எல்லோரும் அப்படித்தான். உயிருக்கு விலை ஊருக்கு ஊர் மாறுமா, தோழியரே?

ஒருநாள் மாமாவிடம் இதைச் சொன்னேன். "இருபது வருஷமா இந்தக் காத்தைத்தான் குடிக்கேன். எனக்கு என்ன ஆச்சு?" என்று சிரித்தார். "தினமும் ராத்திரி தலைவலிக்கு மாத்திரை போடுறது யாரு?" என்று அத்தை உள்ளேயிருந்து கேட்டார்கள். மாமா பதில் பேசவில்லை. அடுத்த மாதம் சம்பளத்தில் வடிகட்டி முகமூடி ஒன்று வாங்கினார். முதல் வாரம் மூச்சு முட்டுகிறது என்று முணுமுணுத்தார். இப்போது அது இல்லாமல் வேலைக்கு நிற்பதில்லை. மாத்திரை டப்பாவையும் அத்தை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். பட்டறையில் இன்னும் இருவர் வாங்கியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கும் உரிமையாளரே வாங்கித் தர வேண்டும் என்று மாமா கேட்டிருக்கிறார். விடை இன்னும் வரவில்லை.

இழையும் பிசினும் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஒரு சான்று சொல்லி முடிக்கிறேன். பர்ட் ரூட்டன் வடிவமைத்த 'வாயேஜர்' என்னும் விமானம் மொஹாவேயில் கரியிழையாலும் எபாக்சியாலும் கட்டப்பட்டது. 1986-ஆம் ஆண்டு டிசம்பர் 14 அன்று புறப்பட்டு, எங்கும் இறங்காமல், நடுவில் எரிபொருளும் நிரப்பாமல், உலகைச் சுற்றி 23-ஆம் நாள் திரும்பியது. அதை ஓட்டிய இருவருள் ஒருவர் பர்ட்டின் அண்ணன் டிக் ரூட்டன். மற்றொருவர் ஜீனா யேகர் என்னும் பெண்மணி. அந்த 9 நாட்களும் அவர்களைத் தாங்கியது, யாரோ சிலர் ஒரு கொட்டகையில் குனிந்து நின்று ஒழுங்காகச் செய்த கைவேலையே. இன்று அவ்விமானம் வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு உரியதாக இருக்கிறது.

நம்மில் எத்தனை பேர் விமானம் கட்டப் போகிறோம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பூச்சு மூடிவிடும் வேலைகளை நாம் எல்லோரும் செய்யப் போகிறோம். ஒருத்தி மருந்து கலப்பாள். ஒருத்தி பாலத்துக்குக் கணக்குப் போடுவாள். ஒருத்தி குழந்தைக்குப் பாடம் சொல்வாள். உள்ளே இருக்கும் இழை பிசினைக் குடித்ததா இல்லையா என்பது அப்போதும் நமக்கு மட்டுமே தெரியும். அதன்மேல் நம்பி ஏறுபவர் வேறொருவராக இருப்பார். வெள்ளைத் திட்டு ஒன்று கண்ணில் பட்டால், மூடும் முன் இன்னொரு முறை தூரிகையை எடுப்போம், தோழியரே!